மூன்றாவது கொம்பு

ஈரமான பனிச்சறுக்கு பூட்ஸை அடுப்புப் பக்கத்தில் வைக்கக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். அதன் மேலோடு பிளாஸ்டிக். சூடு பட்டால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். வளைந்த பூட்ஸ் சறுக்குப் பலகையில் சரியாகப் பூட்டாது, விழும்போது கழல வேண்டிய நேரத்தில் கழலவும் கழலாது. காய வைக்காமல் அப்படியே விட்டால் மறுநாள் விரல் மரத்துப்போகும். ஆகவே முப்பத்தெட்டு டிகிரிக்கு மேற்படாத காற்று வேண்டும். அது பூட்ஸின் நுனி வரை போக வேண்டும். சொட்டும் நீருக்குக் கீழே ஒரு தட்டு வேண்டும்.

விசாரணைக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். எது முதல் என்று நேற்றிலிருந்து யோசித்தேன். நாங்கள் அந்தப் பூட்ஸ் காய வைக்கும் சாதனத்தை வாங்கியதுதான் முதல் என்று படுகிறது. தவறாக இருக்கலாம். மாலை வகுப்பு ஆசிரியை என் கட்டுரைகளின் ஓரத்தில் எப்போதும் சிவப்பில் எழுதுவது இதைத்தான்: தொடக்கம் தாமதம்.

என் பெயர் அஃப்ரா. வயது இருபத்தாறு. ஹின்டர்கார் என்ற மலையூரின் மேல்கோடி வீட்டில் மாமியார் நோட்பூர்காவோடும் கொழுந்தன் குவிரினோடும் இருந்தேன். காலையில் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் பேருந்து பிடித்து நகரத்துக்குப் போய், சிறு வயதில் விட்ட பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். நாளுக்குப் பத்து வரி நோட்டில் எழுத வேண்டும் என்பது வகுப்பு வழக்கம். அதனால் நான் சொல்லும் நேரங்கள் நினைவிலிருந்து அல்ல, நோட்டிலிருந்து.

குவிரின் பனிச்சரிவில் புதைந்து இறந்ததற்குத் தானே காரணம் என்று அத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சாதனத்தின் மூன்றாவது கொம்பில் பூட்ஸை மாட்டியது தான்தான் என்றும் சொல்லியிருக்கிறார். அது உண்மையில்லை. மாட்டியது நான். இதைச் சொல்லத்தான் வந்தேன். மீதி எல்லாம் இது உங்களுக்குப் புரிவதற்காக.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் என் கணவர் ஆல்பன் இறந்தார். ஊருக்கு மேலே இருக்கும் சரிவை நாங்கள் வாணலி என்போம், வடிவம் அப்படி. ஜனவரி மாதம், மதியம் மூன்று மணிக்கு அங்கே பனி சரிந்தது. ஆல்பனின் தம்பி குவிரின் காலையில் போனவன் திரும்பியிருக்கவில்லை. அடுப்படியில் அவன் பூட்ஸ் இல்லை. போன் எடுக்கவில்லை. அப்படியானால் அவன் அடியில் இருக்கிறான் என்று எல்லோரும் முடிவு செய்தோம். நானும்தான். ஆல்பன் மீட்புக் குழுவில் இருந்தார். குழுத் தலைவர் லியோன்ஹார்ட் அண்ணன் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். தம்பி ஆயிற்றே, இவர் பொறுக்கவில்லை. நாலே காலுக்கு இரண்டாவது சரிவு வந்தது.

குவிரின் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் சீட்டாடிக்கொண்டிருந்தான். பூட்ஸ் அவன் காலிலேயே இருந்தது. ஏழு மணிக்கு விசிலடித்தபடி கீழே இறங்கி வந்தவன், சரிவில் விளக்குகளைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற என்னிடம் கேட்டான்:

"என்ன அண்ணி, யாருக்கு என்ன ஆச்சு?"

இல்லாத ஆளைத் தேடப் போய் இருந்த ஆள் போனான் என்று ஊரில் சொன்னார்கள். இழவுச் சோற்றின்போது லியோன்ஹார்ட் அண்ணன் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "ஆளு வெளிய இருக்கானா, வீட்டுல இருக்கானான்னு பாத்தவொடனே தெரியற மாதிரி ஒரு வழி இருந்திருந்தா..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் அன்றே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன். நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு முறையையும் எழுதினேன். பழைய முறை, உள்காலணியை உருவி அடுப்பைச் சுற்றியுள்ள கம்பியில் போட்டுவிட்டு, மேலோட்டுக்குள் செய்தித்தாளைத் திணிப்பது. செலவில்லை. ஆனால் மறுநாள் காலை உள்காலணியைத் திரும்ப நுழைக்க ஒரு ஆள் பலம் வேண்டும். தவிர, அடுப்படியில் எல்லோருடையதும் ஒரே குவியலாகக் கிடக்கும். பூட்ஸுக்குள் செருகும் மின்குச்சிகள் இருக்கின்றன. ஓசை இல்லை, மெல்லக் காயும், தோலுக்கும் நல்லது. ஆனால் அவற்றை யாரும் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம். தரையில் வைக்கும் ஊதுகருவி ஒன்றரை மணி நேரத்தில் காய வைத்துவிடும். பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன், கறவை இயந்திரம் மாதிரி இரைச்சல். எல்லாவற்றிலும் உயர்ந்தது கதவு வைத்த சூட்டு அலமாரி. அதற்கு நான் எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டிருந்தேன். பிறகு கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன்: வாசலில் நின்றபடி பார்க்க முடியுமா. அலமாரியை அடித்துவிட்டேன்.

ஓட்டலில் விருந்தினர் பூட்ஸுக்குத் தனி அறை உண்டு. சுவரிலிருந்து எஃகுக் குழாய்கள் மேல்நோக்கி வளைந்து நீட்டியிருக்கும். பூட்ஸைத் தலைகீழாக அதில் செருகினால் உள்ளே வெதுவெதுப்பான காற்று வரும். எங்கள் பக்கத்தில் அவற்றைக் கொம்பு என்றுதான் சொல்வோம். ஒரு சோடி பூட்ஸுக்கு ஒரு சோடிக் கொம்பு. நான் தினமும் அந்த அறையைத் துடைப்பவள். எந்த அறைக்காரர் இன்னும் மலையிலிருந்து வரவில்லை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். ஏழு மாத யோசனைக்குப் பிறகு, தினமும் கண்ணெதிரே இருந்ததற்குத்தான் வந்து சேர்ந்தேன்.

நகரத்துக் கடையில் ட்ராக்ஸ்ல் என்ற பெரியவர் இருந்தார்.

"அலமாரி எடுத்துக்குங்கம்மா. நாத்தம் வெளிய வராது. உங்க கொழுந்தன் பூட்ஸ எனக்குத் தெரியும், அது ஒண்ணுக்கே அலமாரி வேணும்."

"கதவு இல்லாததுதான் வேணும்."

"கதவு வேணாமா? பூட்ஸ் காயறத யாரும்மா ஒக்காந்து வேடிக்க பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்."

அவர் சிரித்தார். பிறகு பட்டியலைப் புரட்டி, "கொம்பு நாலு சோடியாத்தான் வரும். வீட்டுல எப்படியும் நாலு பேருதான..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பூட்ஸெல்லாம் அவர் கடையில் வாங்கியதுதான். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வந்து, ஒரே அளவில், ஒரே கறுப்பில் எடுத்துக்கொண்டு போனவர்கள். "மூணா வெட்டித் தரேன்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான்காவது காலியாகவே இருந்தால் அத்தை தினமும் அதைப் பார்ப்பார். அதனால் மூன்று போதும் என்று நானே சொல்ல நினைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

முன்கதவில் பெரிய கண்ணாடி உண்டு. அதற்கு நேர் எதிரே, நடைச் சுவரில் மாட்டச் சொன்னேன். துளை போட்டது குவிரின்தான். நல்ல வேலைக்காரன். மட்டம் பார்த்து, இரண்டு முறை அளந்து போட்டான்.

"இது அம்மா கொம்பு. இது அண்ணி கொம்பு. இந்தக் கடைசி என்னோடது," என்று தட்டிக் காட்டினான். "ஊர்ல எல்லாரும் கேப்பாங்க, ஒனக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்குன்னு. இனிமே ஆமாங்கன்னு சொல்லலாம்."

அத்தை சிரித்தார். ஆல்பன் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். குவிரினால் அது முடியும். அவன் கெட்டவன் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

விதி எளிது. வீட்டுக்குள் வந்ததும் பூட்ஸைக் கழற்றிக் கொம்பில் மாட்ட வேண்டும். கொம்பு நிறைந்திருந்தால் ஆள் வீட்டில். காலியாக இருந்தால் ஆள் மலையில். லியோன்ஹார்ட் அண்ணன் வந்து பார்த்தார். பூட்ஸுக்குள் கையை விட்டு, "அட, சூடா இருக்கே," என்றார். வெளியில் கிடந்த பூட்ஸை யாராவது அவசரத்தில் மாட்டிவிட்டாலும் ஈரமும் குளிரும் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. "சூடான பூட்ஸ் பொய் சொல்லாது," என்று அவர் அன்று சொன்னது ஊரில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மார்கழிக்குள் மேல்கோடியில் பதினொரு வீடுகளில் கொம்பு வந்துவிட்டது. எல்லாம் வாசலுக்கு எதிரே, கண்ணாடிக்கு நேராக.

அந்தக் குளிர்காலத்தில் வாணலி ஒருமுறை சரிந்தது. லியோன்ஹார்ட் அண்ணன் பதினொரு வீட்டையும் ஒன்பது நிமிடத்தில் பார்த்துவிட்டு, எல்லாக் கொம்பும் நிறைந்திருக்கிறது என்று குழுவின் ஆறு பேரில் யாரையும் மேலே அனுப்பவில்லை. இருபது நிமிடம் கழித்து அதே இடத்தில் இரண்டாவது சரிவு. அன்று மாலை மனைவி சுட்ட பழரொட்டியோடு வந்தார்.

"ஆறு பேரு இன்னைக்கு உசுரோட வீட்டுக்குப் போறாங்க அஃப்ரா. ஒன் கொம்புதான்."

நான் ரொட்டியை அறுத்து ஆறு துண்டுகளாக வைத்தேன். ஏன் ஆறு என்று தெரியவில்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

குவிரின் மட்டும் மாட்ட மாட்டான். கதவைத் திறந்ததும் இடது பூட்ஸ் ஒரு பக்கம், வலது ஒரு பக்கம். "அண்ணி, அது கொம்புதான, கோயில் பீடமா?" என்பான். நான் எடுத்து, பனியைத் தட்டி, மாட்டுவேன். முதல் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். நோட்டைப் பார்த்தேன். கோபம் என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனால் நான் எழுதாமல் விட்டதும் இருக்கும்.

போன நவம்பரில் கல்லறைத் திருநாளன்று ஆல்பனின் கல்லறைக்குப் போனோம். அத்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது. நான் கையால் மறைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். என் தலைக்கு மேலே குவிரின் சொன்னான்:

"எல்லாரும் அண்ணன் என்னத் தேடித்தான் போனான்னு சொல்றாங்க. நெஜமாவா அண்ணி? மலைக்குப் போக அவனுக்கு ஒரு சாக்கு கெடச்சா போதும். ஒங்களுக்கே தெரியும்."

அவன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அப்படிச் சொல்லாமல் அவனால் தூங்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், ஆல்பன் அப்படிப்பட்டவர்தான். அன்றைக்கு நோட்டில் பத்து வரி இல்லை. "மெழுகுவர்த்தி நின்று எரிந்தது" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது.

டிசம்பரிலிருந்து குவிரின் விடுமுறை நாட்களில் தனியாக வாணலிக்குப் போக ஆரம்பித்தான். சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றும் இழுவைக் கம்பி நிலையத்தில் அவனுக்கு வேலை, வியாழன் விடுமுறை. என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவான். "ஒரே ஒரு எறக்கம் அண்ணி. அம்மாகிட்ட சொல்லிராதீங்க." அத்தை மதியம் தூங்கி எழுந்து வந்து, மூன்றாவது கொம்பு காலியாக இருப்பதைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவார். வெறும் குழாயில் கையை வைத்துக்கொண்டு, அவன் வரும்வரை நிற்பார். முட்டி வலி. உட்காரச் சொன்னாலும் கேட்க மாட்டார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

ஆல்பனின் பூட்ஸ் பெட்டியில் இருந்தது. மலையிலிருந்து அவரோடு திரும்பி வந்த பூட்ஸ். குவிரினுடையதைப் போலவே கறுப்பு, நாற்பத்து மூன்றாம் அளவு, சாம்பல் நிறக் கொக்கிகள். குவிரின் கிளம்பியதும் அதை எடுத்து அவன் கொம்பில் மாட்டினேன். அத்தை வந்தார். பார்த்தார். மேல்புறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இருக்கான்," என்று சமையலறைக்குப் போனார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே முணுமுணுப்பாகப் பாடினார். குவிரின் பின்கதவு வழியாக வந்து, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றான். நான் மாற்றினேன். "அண்ணி, நீங்க பலே ஆளு," என்றான்.

அவனுக்குத் தெரியும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். இது எங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஏற்பாடு. ஒன்பது முறை அப்படிச் செய்தோம். ஒன்பது முறையும் எதுவும் நடக்கவில்லை.

பத்தாவது முறை பிப்ரவரியில் இரண்டாவது வியாழன். முந்தைய இரண்டு நாளில் முழங்காலுக்கு மேல் பனி விழுந்திருந்தது, பிறகு காற்று. மதியம் பன்னிரண்டரைக்கு ரொட்டி உருண்டை சூப் சாப்பிட்டோம். குவிரின் மூன்று உருண்டை. அத்தை படுக்கப் போனதும் அவன் கிளம்பினான். ஒன்றே கால் மணி. "இன்னைக்கு வேணாம்," என்று நான் சொன்னதாக நோட்டில் இருக்கிறது. எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று இல்லை. ஒன்று இருபதுக்கு ஆல்பனின் பூட்ஸை மாட்டி, சூட்டுக் காற்றைப் போட்டேன்.

இரண்டு முப்பத்தெட்டுக்கு வாணலி சரிந்தது. அந்த ஓசை காதுக்குக் கேட்பதற்கு முன் தரை வழியாகக் காலுக்கு வரும். நான் நடையில் இருந்தேன். கொம்புகளுக்குக் கீழே இருக்கும் தட்டில் நீர் இல்லை, ஆனாலும் துடைத்தேன். பதின்மூன்று நிமிடம் கழித்து லியோன்ஹார்ட் அண்ணன் வந்தார். பனி வண்டியில் இன்னும் மூன்று பேர். கீழே தேவாலயத்தருகே சாலையிலும் பனி சரிந்து, ரொட்டிக் கடை வண்டி ஒன்று இரண்டு ஆட்களோடு மாட்டியிருந்தது. எந்தப் பக்கம் போவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். கொம்புகளைப் பார்த்தார். மூன்று சோடி. மூன்றாவதில் கையை விட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. போய்விட்டார்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சுவரில் இருந்ததை அவர் பார்த்தார். ரொட்டி வண்டியில் இருந்த இருவரையும் உயிரோடு எடுத்தார்கள். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாலை மூடியிருந்ததால் அன்று வகுப்புக்குப் பேருந்து இல்லை. சமையலறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தேன். நான்கு கணக்கு. மூன்று சரி, ஒன்று தவறு. நாலு மணிக்கு அத்தை எழுந்து வந்தார். நடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"தூக்கத்துல ஏதோ சத்தம் கேட்டு பயந்துட்டேன்மா. நல்லவேள, இருக்கான். தூங்கறானா?"

"பூட்ஸ் இருக்கே அத்தை," என்றேன்.

அவர் மாவு பிசைந்தார். ஐந்தே முக்காலுக்கு அவனைச் சாப்பிடக் கூப்பிட மாடிக்குப் போனார். முட்டியோடு ஒவ்வொரு படியாக ஏறும் சத்தம் கேட்டது. பிறகு இறங்கும் சத்தம், அது ஏறியதைவிட மெதுவாக. நேராக மூன்றாவது கொம்புக்குப் போய், முதல்முறையாக அந்தப் பூட்ஸுக்குள் கையை விட்டார். ஆல்பனுக்கு வலது கணுக்கால் எலும்பு புடைத்திருக்கும். அழுத்தாமல் இருக்க உள்காலணியில் அவரே கத்தியால் ஒரு குழி செதுக்கியிருந்தார். அத்தையின் விரல்கள் அங்கே போய் நின்றன. கை வெளியே வரவே இல்லை.

"இது பெரியவனோடதுடீ," என்றார்.

அவரேதான் போன் செய்தார். ஆறு இருபத்தைந்துக்கு குவிரினைக் கண்டுபிடித்தார்கள். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியை அவன் கழுத்தில் போட்டிருந்தான். தேடத் தொடங்கி நான்காவது நிமிடத்தில் இடம் தெரிந்துவிட்டது. ஒரு மீட்டர் பத்து ஆழம். முகத்துக்கு முன்னால் இரண்டு கைமுட்டி அளவுக்கு ஒரு வெற்றிடம் இருந்தது. அதன் சுவரில் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி படிந்திருந்தது. மூச்சு பட்டு அப்படி ஆவதற்கு நேரம் வேண்டும் என்றார் மருத்துவர். ஒன்றரை மணி, அதற்கு மேலும் இருக்கலாம். லியோன்ஹார்ட் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரிந்த பதின்மூன்றாவது நிமிடத்தில் அவர் எங்கள் நடையில் நின்றிருந்தார்.

கொம்பில் அந்தப் பூட்ஸ் எப்படி வந்தது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அத்தை முந்திக்கொண்டார்.

"நான்தான் மாட்டுனேன். பெரியவனோடத தொடைக்கலாம்னு எடுத்தேன். மறந்து சின்னவன் கொம்புல போட்டுட்டேன். வயசாயிருச்சு லியோன்ஹார்ட்டு. என் புத்தி போயிருச்சு."

அவர் அதை நம்பிச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. முதலில் எனக்காக என்று நினைத்தேன். பிறகு, நாளாக நாளாக, அவர் அதை நம்புகிறார் என்று தெரிந்தது. பெட்டியை எப்போது திறந்தோம், எந்தத் துணியால் துடைத்தோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். ஞாயிறன்று தேவாலயத்தில் பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவர் இழுத்துக்கொள்கிறார். நடைக்கு வருவதே இல்லை. மாட்டுக் கொட்டகை வழியாக வெளியே போகிறார், பனியில் வீட்டுச் செருப்போடு. பூட்ஸ் போட்டால் கழற்றி மாட்ட வேண்டுமே. போன வாரம் அவர் காலைச் சுடுநீரில் வைத்துத் தேய்த்தேன். விரல்கள் வெளுத்திருந்தன.

"ரெண்டு பேரையும் நானே அனுப்பிட்டேன் அஃப்ரா," என்றார். "நீ ஒருத்தி இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்?"

அதற்கு மறுநாள்தான் உங்கள் அலுவலகத்துக்கு முதல்முறை வந்தேன். நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். திரும்பிவிட்டேன். நேற்று வந்தது இரண்டாவது முறை.

ஏன் செய்தேன் என்று கேட்டால், எனக்குக் கிடைத்த பதில் இதுதான். குவிரினுக்காக இன்னொருத்தி கணவன் அந்தச் சரிவில் ஏறக் கூடாது என்று நினைத்தேன். லியோன்ஹார்ட் அண்ணனோடு வந்த மூன்று பேரில் ஒருவனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அவன் மனைவி எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள். இரண்டாவது சரிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். நான்கு பேரை எடுத்து ஒருவனுக்கு எதிரே வைத்துப் பார்த்தேன். யாராவது ஒருவர் பார்த்துத்தானே ஆக வேண்டும். ஆல்பன் போன அன்று யாரும் பார்க்கவில்லை. அந்தப் பதின்மூன்று நிமிடத்தில் நான் செய்தது அந்தக் கணக்குதான் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தையிடமும் இப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும் என்று நினைத்திருந்தேன்.

எழுதியதை இப்போது முதலிலிருந்து படித்தேன். ஓர் இடம் சரியாக இல்லை. "சூடாக இருந்தது. போய்விட்டார்" என்று எழுதியிருக்கிறேன். அவர் உடனே போகவில்லை. பூட்ஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அடுத்து அவர் சொன்னது நோட்டில் இல்லை. ஆனால் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"வாணலி சுத்தமா வழிச்சு ஊத்திருச்சு அஃப்ரா. மேல பாறதான் தெரியுது, இனி வுழறதுக்கு ஒரு கரண்டி பனி கூட இல்ல. கொழந்தைய வுட்டா கூட நடந்து போயிட்டு வரும். கீழ வண்டிக்கு ரெண்டு பேரு போதும், மேல ரெண்டு பேர வுட்டுட்டுப் போறேன், பத்து நிமிஷ வேல. ஆனா அவன் வீட்டுல இருந்தா நாலு பேருமே கீழ போயிரலாம். சூடான பூட்ஸ் பொய் சொல்லாதுதான். இருந்தாலும் அந்தப் பய விஷயத்துல கொம்ப நம்ப மாட்டேன், நீ சொன்னா நம்புவேன். இருக்கானா?"

"மாடியில தூங்கறாண்ணா," என்றேன். "எழுப்பட்டுமா?"

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. தூங்கட்டும்."